இருளைக் காத்த விளக்குகள்

விளக்கு என்பது இருளை ஓட்டுவதற்காக ஏற்றப்படுவது. வீட்டில் எரியும் விளக்காயினும், வீதியில் நிற்கும் விளக்காயினும், கடலோரத்துக் கலங்கரை விளக்கமாயினும் அதன் பயன் அதுவே. ஒளி மிகுந்தோறும் நன்மையும் மிகும் என்பது பொது வழக்கு. இவ்வழக்குக்கு விலக்காக அமைந்த இடம் ஒன்று உண்டு. இரவு வானிற் பறக்கும் விமானத்தில் விமானி அமர்ந்திருக்கும் சிறிய அறையே அது. அங்கே ஒளி குறைந்தாற் கருவிகள் தெரியா. ஒளி மிகுந்தால் வெளியுலகம் தெரியாது. இரண்டுந் தெரியாவிடின் உயிர் தப்புதல் அரிது.

இரவிலே புகையிரதத்திற் பயணஞ் செய்தவர்கள் இதன் உண்மையை எளிதில் உணர்வர். பெட்டியினுள் விளக்கு எரியும்போது யன்னற் கண்ணாடி வழியே வெளியே பார்த்தால் வயலும் தெரிவதில்லை, மரமும் தெரிவதில்லை. பார்ப்பவரின் முகமே தெரிகின்றது. விளக்கை அணைத்தவுடன் கண்ணாடி மீண்டும் யன்னலாகிவிடுகின்றது. புகையிரதப் பயணிக்கு இது ஒரு சிறு வேடிக்கை. விமானிக்கோ இது வாழ்வு சாவுப் பிரச்சினை. ஆதலால், விமானத்துக்கு விளக்கு அமைக்கப் புகுந்த அறிஞர்கள் கேட்ட கேள்வி மற்றெல்லா விளக்குக்காரரும் கேட்ட கேள்வியினின்றும் வேறுபட்டது. இருளை எவ்வாறு நீக்குவது என்று அவர்கள் கேட்கவில்லை. இருளைக் கெடுக்காமல் எவ்வளவு ஒளியை உள்ளே விடலாம் என்றே கேட்டார்கள். அக்கேள்விக்கு நூறாண்டுக் காலத்தில் மூன்று நான்கு விடைகள் கிடைத்தன. ஒரு காலத்தில் மிகச் சரியென்று கொள்ளப்பட்ட விடை மற்றொரு காலத்தில் மிகப் பிழையான விடையாயிற்று. அவ்வாறு ஆனதேன் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

முதலிற் கண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். மனிதனின் விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இருவகைப்படும். கூம்புகள் எனப்படுபவை ஏறக்குறைய அறுபது இலட்சம். கோல்கள் எனப்படுபவை ஏறக்குறைய பன்னிரண்டு கோடி. கூம்புகள் பகலிற் பணிபுரிபவை. நிறத்தையும் நுண்ணிய எழுத்தையும் காட்டுபவை. கோல்கள் இரவுக்குரியவை, நிறம் அறியாதவை, ஆயினும், மிக மங்கிய ஒளியையும் உணர வல்லவை. விழித்திரைக்கு இத்தகைய இரட்டைத் தொழில் உண்டென்பதை ஜேர்மானிய அறிஞர் மாக்ஸ் சுல்ற்சே 1866 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பத்து ஆண்டுகளின் பின்னர், 1876 இல், பிரான்ஸ் போல் என்பவர் தவளையின் விழித்திரையிற் செந்நிறப் பொருளொன்று இருப்பதையும், ஒளி பட்டவுடன் அது வெளுத்துப் போவதையும் கண்டார். றொடொப்சின் என்னும் அப்பொருளே இரவுப் பார்வைக்கு ஆதாரமானது. ஒளியால் வெளுத்த அப்பொருள் இருளிலே மீண்டும் ஊறிவர முப்பது அல்லது நாற்பது நிமிடங்கள் செல்லும். அதைக் கெடுப்பதற்கோ சில விநாடிகளே போதும். உயிர்ச்சத்து ஏ குறைந்தவர்களுக்கு இப்பொருள் ஊறாமையாலேயே மாலைக்கண் என்னும் நோய் உண்டாகின்றது.

கோல்களுக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. பொஹீமிய நாட்டு உடற்றொழிலியலறிஞர் புர்க்கின்யே 1825 ஆம் ஆண்டளவில் ஒரு விந்தையைக் குறித்து வைத்தார். பகலில் ஒளிவீசும் சிவப்பு மலர்கள் வைகறையிற் கருமையாகத் தோன்றுகின்றன. நீல மலர்களோ அவ்வேளையிற் சிவப்பினும் பிரகாசமாகத் தோன்றுகின்றன. இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. பகற்பார்வை 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சட் பச்சை ஒளியை மிக நன்றாக உணரும். இரவுப் பார்வையோ ஏறக்குறைய 507 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலப் பச்சையை மிக நன்றாக உணரும். ஆழ்ந்த சிவப்பு ஒளி கோல்களுக்கு ஏறத்தாழ இல்லாத ஒளியே. மலர்த் தோட்டத்திற் கண்ட இவ்வுண்மை நூறாண்டுகளின் பின் விமானத்தினுள் விளக்கேற்றப் பயன்படும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

விமானம் பிறந்த சில ஆண்டுகளிலேயே இரவுப் பறப்பு தொடங்கிவிட்டது. எனினும், அதை ஒரு கடமையாக்கியது முதலாம் உலக மகாயுத்தமே. ஜேர்மானிய வான்கப்பல்கள் இரவிலே இங்கிலாந்தின் மீது குண்டு வீசின. அவற்றை எதிர்க்கப் பிரித்தானிய விமானிகள் இருளில் எழும்ப நேர்ந்தது. 1916 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் நாள் அதிகாலையில் லீஃப் றொபின்சன் என்னும் இளம் விமானி அத்தகைய வான்கப்பலொன்றை இலண்டனுக்கு வடக்கே வீழ்த்தியமை பெரும் புகழ் பெற்றது. அக்காலத்து விமானங்களில் மேற்கூரையுமில்லை. கருவிகளும் மிகச் சில. ஆயினும், உயரமானியையும் திசைகாட்டியையும் இருளில் எவ்வாறு வாசிப்பது?

அதற்குக் கிடைத்த முதல் விடை இரேடியம். கியூரி தம்பதியர் 1898 இற் கண்டறிந்த இம்மூலகத்தின் சிறு துளியை நாகச் சல்பைட்டுடன் கலந்தால் அக்கலவை இரவும் பகலும் தானே பச்சொளி வீசிக்கொண்டிருக்கும். மின்கலமும் வேண்டா, கம்பியும் வேண்டா. ஊசியும் இலக்கங்களும் மின்மினிபோல மிளிரும். ஆனால், அறையெங்கும் ஒளி பரவாது. விமானியின் இரவுப் பார்வைக்கும் அதனாற் கேடில்லை. இருளைக் காக்கும் விளக்குக்கு இதனிலும் சிறந்த மாதிரி இல்லையென்றே தோன்றிற்று.

அதன் விலையை விமானிகள் செலுத்தவில்லை. வேறு சிலர் செலுத்தினார்கள். அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்து ஒறேஞ்ச் நகரில் 1917 ஆம் ஆண்டு தொடக்கம் கடிகாரங்களுக்கும் போர்க் கருவிகளுக்கும் இரேடிய வர்ணந் தீட்டும் தொழிற்சாலையொன்று இயங்கிவந்தது. அங்கு வேலை செய்தவர்கள் இளம் பெண்கள். மெல்லிய கோடு வரைவதற்காகத் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு இரேடியம் வாய்க்குட் சென்றது. உடல் அதனைக் கல்சியமென்று மயங்கி எலும்பிற் சேர்த்துக்கொண்டது. சில ஆண்டுகளிற் பற்கள் விழுந்தன, தாடை எலும்பு உளுத்தது, பலர் மாண்டனர். கிறேஸ் பிறையர் என்னும் பெண்ணும் அவருடைய தோழியர் நால்வரும் 1927 இல் வழக்குத் தொடுத்தார்கள். 1928 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆளுக்குப் பத்தாயிரம் டொலரும், உயிருள்ளவரை ஆண்டுதோறும் அறுநூறு டொலரும் தருவதென்று வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அவ்வர்ணத்தை ஆக்கிய சபின் வொன் சொச்சொக்கி என்பவரும் அதே ஆண்டிலே அதே நஞ்சினால் இறந்தார். கிறேஸ் பிறையர் 1933 இற் காலமானார். தொழிலாளர் நலச் சட்டங்கள் பல இப்பெண்களின் துன்பத்தினின்றும் பிறந்தன.

எனினும், இரேடிய முகப்புகள் இரண்டாம் உலக மகாயுத்தத்திலும் விமானங்களில் இருந்தன. பின்னரே அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டு. நாகச் சல்பைட்டோ சில ஆண்டுகளில் ஒளிரும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால், அரும்பொருட்சாலைகளில் உள்ள பழைய கருவிகள் பல இன்று ஒளி வீசுவதில்லை. நஞ்சு மட்டும் வீசிக்கொண்டிருக்கின்றன.

இனி, கருவிகளின் முக்கியத்துவம் எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம். 1921 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் இரவில் அமெரிக்கத் தபால் விமானி ஜாக் நைற், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமஹா நகருக்குப் பறந்து வந்தார். அங்கிருந்து தபாலைக் கொண்டுசெல்ல வேண்டியவர் வந்து சேரவில்லை. முன்னொருபோதும் பறந்தறியாத வழியில், தெருப் படமொன்றின் துணையோடு, அவரே சிக்காகோ வரை பறந்தார். வழி நெடுகிலும் மக்கள் தீ மூட்டி அவருக்கு அடையாளங் காட்டினார்கள். அன்று விமானியின் விளக்கு நிலத்திலே இருந்தது. எட்டு ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1929 ஆம் ஆண்டு செப்டெம்பர் 24 ஆம் நாள், நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் உள்ள மிச்சல் விமானத்தளத்தில், ஜேம்ஸ் டூலிற்றில் என்பவர் தம் இருக்கையை முற்றாக மூடிக்கொண்டு, வெளியே சிறிதும் பாராமல், கருவிகளை மட்டுமே நோக்கி எழும்பிப் பறந்து இறங்கிக் காட்டினார். செயற்கை அடிவானமும், சுழலித் திசைகாட்டியும், நுண்ணிய உயரமானியும் அவருக்குக் கண்களாயின.

அன்றுமுதல் விமானிக்கு இரண்டு உலகங்கள் உண்டாயின. ஒன்று வெளியே உள்ள இருள். மற்றொன்று உள்ளே உள்ள கருவிப் பலகை. இவ்விரண்டையும் ஒரே கண் மாறி மாறிப் பார்த்தல் வேண்டும். கருவிகள் பத்தாய், இருபதாய்ப் பெருகின. இரேடியத்தின் மங்கிய மினுக்கம் போதாதாயிற்று. மின்விளக்கு இன்றியமையாததாயிற்று. ஆனால், அது எத்தகைய விளக்காக இருத்தல் வேண்டும்?

இவ்விடத்தில் விமானத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு துறையிலிருந்து விடை வந்தது. எக்ஸ் கதிர்ப் படத்தை மங்கிய திரையிற் பார்க்கும் மருத்துவர்கள் முன்னதாக நெடுநேரம் இருளில் இருந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் பெக்ளேர் 1899 இல் எடுத்துக்கூறினார். நோயாளர் காத்திருக்க, மருத்துவர் இருளில் அமர்ந்திருப்பது எளிதன்று. 1916 இல் ஜேர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் றென்டலென்பேர்க் இதற்கு வழி கண்டார். மருத்துவர் சிவப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு வெளிச்சத்திலே தம் வேலையைச் செய்யலாம். கூம்புகள் சிவப்பொளியால் வாசிக்கும், கோல்களோ இருளில் இருப்பது போலவே ஓய்ந்திருக்கும். புர்க்கின்யே கண்ட மலரின் இரகசியம் இவ்வாறு ஒரு கருவியாயிற்று.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இக்கருவி விமானிகளிடஞ் சென்றது. இரவிற் பறக்கவிருந்த விமானிகள் அரைமணி நேரம் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்தார்கள். கருவிப் பலகைகளிற் செவ்விளக்குகள் பொருத்தப்பட்டன. இதனோடு போட்டியிட்ட வேறொரு முறையும் இருந்தது. ஊதாக் கடந்த கதிரை வீசும் விளக்கொன்றைப் பலகையின்மீது செலுத்தினால் ஒளிரும் வர்ணந் தீட்டிய இலக்கங்கள் மட்டும் பிரகாசிக்கும். ஏனைய இடமெல்லாம் கருமையாயிருக்கும். முறை அழகியதே. ஆனால், அக்கதிர் விமானியின் கண்ணிற் பட்டபோது கண்ணின் வில்லையே ஒளிரத் தொடங்கிற்று. பார்வைக்குக் குறுக்கே மூடுபனி படர்ந்தது போலாயிற்று. ஆகவே, செவ்விளக்கே பலராலும் விரும்பப்பட்டது.

அக்காலத்து வேடிக்கைக் கதையொன்றும் இதனோடு சேர்ந்தது. 1940 ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன் கனிங்ஹாம் என்னும் பிரித்தானிய விமானி இரவிலே எதிரி விமானங்களை வீழ்த்தத் தொடங்கினார். அவருக்குப் 'பூனைக் கண்ணர்' என்ற பட்டம் சூட்டப்பட்டது. நிறையக் கறற் உண்பதனாலேயே பிரித்தானிய விமானிகளுக்குக் கூரிய இரவுப் பார்வை வாய்த்தது என்ற செய்தி பரப்பப்பட்டது. உண்மையில் அவ்வெற்றிக்குக் காரணம் விமானத்தினுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த றேடார். கறற்றில் உயிர்ச்சத்து ஏ ஆகக்கூடிய பொருள் இருப்பதும், குறைபாடு உள்ளவருக்கு அது நன்மை செய்வதும் உண்மையே. குறைபாடில்லாதவர் எவ்வளவு உண்டாலும் பூனையாக முடியாது.

யுத்தம் முடிந்தபோது செவ்விளக்கு ஐயந்திரிபற்ற விடையாகவே கருதப்பட்டது. ஆயினும், பழகப் பழக அதன் குறைகள் வெளிவந்தன. சிவப்பு மையில் அச்சிட்ட குறிகள் செவ்வொளியில் மறைந்துபோயின. ஆதலால், தேசப்படங்களையே வேறு நிறங்களில் அச்சிட வேண்டியதாயிற்று. எச்சரிக்கைக்காக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தீட்டிய அடையாளங்களெல்லாம் ஒரே நிறமாயின. இன்னொன்று கண்ணின் வடிவத்தைப் பொறுத்தது. செவ்வொளி விழித்திரைக்குச் சற்றுப் பின்னே குவிவதனால் அருகிலுள்ளதைப் பார்க்கக் கண் மிகுதியாக உழைக்க வேண்டும். இருபது வயது விமானிக்கு இது பெரிதன்று. நாற்பதைக் கடந்த விமானிக்கோ எழுத்துகள் கலங்கின, தலை வலித்தது, களைப்பு மிகுந்தது. றேடாரும் வானொலி வழிகாட்டலும் வளர்ந்ததனால் வெளியிருளைத் துருவிப் பார்க்கும் தேவையும் முன்போல இருக்கவில்லை. ஆகவே, அமெரிக்க விமானப்படையும் பயணிகள் விமானங்களும் மங்கலான வெள்ளொளிக்கு மாறின. நிறத்தைக் காட்டிலும் அளவே முதன்மையானது என்பது அவர்கள் கண்ட பாடம். அளவைக் குறைத்தால் வெள்ளொளியும் கண்ணை அதிகங் கெடுப்பதில்லை. ஆயினும், பல படைகளின் விமானங்களிலும் ஹெலிகொப்டர்களிலும் செவ்விளக்கு நீடித்திருந்தது. அந்நிலையிலேதான் புதியதொரு கண் வந்து சேர்ந்தது.

அக்கண் பிறந்த கதையும் யுத்தத்தோடு தொடங்குவது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஜேர்மானியரும், 1945 இல் ஒகினாவாத் தீவில் அமெரிக்கரும், துப்பாக்கியிற் பொருத்திய இரவு நோக்கிகளைப் பயன்படுத்தினார்கள். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை விளக்கொன்றினால் வீசி, அது பட்டுத் தெறிப்பதை அவை காட்டின. விளக்கு இல்லாமலே பார்க்க வல்ல நோக்கி 1960களில் வியட்நாம் யுத்தத்தின்போது வந்தது. நட்சத்திரங்களின் ஒளியே அதற்குப் போதுமாயிற்று. 1970களில் அது இரு கண்களுக்குமுரிய கண்ணாடியாக உருப்பெற்றது.

அதன் செயற்பாடு வியக்கத்தக்கது. முன்புறத்தில் உள்ள மெல்லிய படலத்தில் ஒளி பட்டவுடன் இலத்திரன்கள் வெளிப்படும். அவை மயிரினும் மெல்லிய இலட்சக்கணக்கான கண்ணாடிக் குழல்களினூடே பாய்ந்து பல்கிப் பெருகும். பெருகிய இலத்திரன்கள் பின்புறத் திரையில் மோதிப் பச்சை நிறப் படமாகத் தோன்றும். குழல்களினூடே ஒளியின் வலிமை பல்லாயிரம் மடங்காகின்றது. பிற்காலக் கண்ணாடிகளின் படலம் கல்லியம் ஆர்செனைட்டு என்னும் சேர்வையால் ஆனது. அது ஏறக்குறைய 600 முதல் 900 நனோமீற்றர் வரையுள்ள சிவப்பையும் செங்கீழ்க் கதிரையும் மிக நன்றாக உணரும். இரவு வானத்தில் அத்தகைய கதிர்கள் நிறைய உண்டு. இலைகளும் அவற்றைச் சிறப்பாகத் தெறிக்கின்றன. ஆதலால், நிலவில்லா இரவிலும் மரமும் புல்வெளியும் விமானிக்குத் தெரியலாயின.

இப்பொழுது விபரீதம் விளங்கும். மனிதனின் கோல்களுக்குச் சிவப்புத் தெரியாது என்பதனாலேயே சிவப்பு விளக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய கண்ணுக்கோ சிவப்பே மிகத் துலக்கமாகத் தெரியும். ஒரு கண்ணுக்கு இருளாக இருந்தது மறு கண்ணுக்குச் சூரியனாயிற்று. அதனிலும் பெரிய ஆபத்து மறைவில் இருந்தது. இக்கண்ணாடி மிகுந்த ஒளியாற் பழுதுபடாதிருக்கும் பொருட்டு, ஒளி கூடியவுடன் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். உள்ளே சிறிய செவ்விளக்கொன்று எரிந்தாற் போதும். கண்ணாடி தன் ஆற்றலைக் குறைத்துவிடும். வெளியே மலையும் மரமும் மங்கிவிடும். இரவு இருண்டுவிட்டது என்றே விமானி எண்ணுவான். தன் பார்வையைத் தன் விளக்கே கெடுக்கின்றது என்பது அவனுக்குத் தோன்றாது.

முதலில் வந்த கண்ணாடி விமானிகளுக்காக ஆக்கப்பட்டதுமன்று. தரைப்படை வீரருக்கென ஆக்கிய அது முகத்தை முழுவதும் மூடிற்று. தொலைவைப் பார்க்க ஒழுங்கு செய்தாற் கருவிப் பலகை தெளிவாகத் தெரியாது. பின்னர் அதன் உறையை வெட்டிக் குறைத்து, கீழ்ப்புறத்தால் வெறுங் கண்ணோடு கருவிகளைப் பார்க்க வழி செய்தார்கள். விளக்குகளின் தொல்லைக்கோ விமானப் படையினர் கையிற் கிடைத்ததைக் கொண்டே மருந்து தேடினார்கள். சில விளக்குகளின்மீது கறுப்பு நாடாவை ஒட்டினார்கள். சிலவற்றின் குமிழைக் கழற்றினார்கள். இரசாயன ஒளிக்குச்சிகளைப் பலகையருகே கட்டித் தொங்கவிட்டார்கள். நாடா ஒட்டிய விளக்குகளில் அபாய எச்சரிக்கை விளக்குகளும் அடங்கும். வெளியே பார்ப்பதற்காக உள்ளே குருடாவது இதன் பொருள். 1980களில் அமெரிக்கப் படைகளின் ஹெலிகொப்டர்கள் இரவுப் பார்வைக் கண்ணாடியோடு பறந்தபோது நேர்ந்த விபத்துகள் பத்திரிகைகளிலும் காங்கிரஸ் சபையிலும் கடுமையாக விவாதிக்கப்பட்டன. அவ்விபத்துகளுக்குப் பயிற்சிக் குறைவும், களைப்பும், கண்ணாடியின் குறுகிய பார்வைப் பரப்பும் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. விளக்கொளியும் அக்கண்ணாடியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதில் ஐயமில்லாதாயிற்று.

அப்பொருத்தம் இரு பக்கத்திலிருந்தும் தேடப்பட்டது. விமானிகளுக்கென்றே ஆக்கப்பட்ட கண்ணாடி 1980களில் வழக்கிற்கு வந்தது. அதன் வில்லையில் 625 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளங்களைத் தடுக்கும் வடிகட்டி இருந்தது. நீலமும் பச்சையும் அதனுட் புகா. ஆகவே, பலகையின் விளக்கை நீலப்பச்சையாக அமைத்தால் வெறுங் கண்ணுக்கு அது தெரியும், கண்ணாடிக்குத் தெரியாது. ஒரே விளக்கு ஒரு கண்ணுக்கு ஒளியாகவும் மறு கண்ணுக்கு இருளாகவும் அமைந்தது. செவ்விளக்கின் தத்துவம் அழியவில்லை. நிறம் மட்டுமே தலைகீழாயிற்று.

பச்சையாகத் தோன்றினாற் போதும் என்று கருதியவர்கள் ஏமாந்தார்கள். சாதாரண மின்குமிழின் இழை தன் ஆற்றலிற் பெரும் பகுதியைச் செங்கீழ்க் கதிராகவே வீசுகின்றது. அதன்மேற் பச்சைக் கண்ணாடியை மூடினால் மனிதன் பச்சையைக் காண்பான். கண்ணாடியோ அதனூடே கசியும் கதிரைத் தீப்பந்தமாகக் காணும். கண்ணுக்குப் புலப்படாத ஒளியைக் கண்ணால் அளப்பது எங்ஙனம்? இதற்கு விடையாகவே 1986 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் படைகளுக்குரிய நியமம் ஒன்று வெளியாயிற்று. எம்.ஐ.எல்.-எல்-85762 என்பது அதன் எண். ஒரு விளக்கு எவ்வளவு பிரகாசமாகத் தோன்றுகின்றது என்பதையன்றி, கண்ணாடியை எவ்வளவு பாதிக்கின்றது என்பதை அது அளந்தது. 2001 இல் வேறொரு நியமம் அதன் இடத்தைப் பெற்றது, அடிப்படை மாறவில்லை.

அந்நியமத்தின் எல்லை எதனை உரைகல்லாகக் கொண்டது என்பது அறியத்தக்கது. நிலவில்லாத இரவில், நட்சத்திர ஒளியில் நிற்கும் இலையுதிர்ந்த மரமொன்று கண்ணாடிக்கு எவ்வளவு பிரகாசமாகத் தோன்றுமோ, அதனிலும் மிகுதியாக உள்விளக்குத் தோன்றலாகாது. இவ்வளவு நுட்பமான அளவுக்கு இலையற்ற மரமே அடிப்படையாயிற்று. தாழப் பறக்கும் ஹெலிகொப்டருக்கு அம்மரம் தெரிந்தால் விமானி தப்புவான், தெரியாவிடின் தப்பமாட்டான்.

ஆனால், எல்லா விளக்கும் பச்சையாயின் அபாயத்தை அறிவிப்பது எது? தீப்பற்றியதையும் எண்ணெய் வற்றியதையும் சிவப்பும் மஞ்சளும் அறிவிப்பதே உலக வழக்கு. ஆதலாற் கண்ணாடிகள் இரு வகுப்பாக்கப்பட்டன. ஒரு வகுப்பில் வடிகட்டியின் எல்லை 625 நனோமீற்றர். அங்கே சிவப்புக்கு இடமில்லை. மறு வகுப்பில் எல்லை 665 நனோமீற்றருக்கு நகர்த்தப்பட்டது; கண்ணாடியின் உணர்ச்சியிற் சிறிதளவை இழந்து, சிவப்பு எச்சரிக்கைக்கு இடங்கொடுத்தார்கள். வேக விமானங்களில் விமானியின் முன்னே கண்ணாடித் தகட்டிற் பச்சை எழுத்துகள் தோன்றும். அவை கண்ணாடி அணிந்தவருக்கும் தெரிய வேண்டுமாதலால், வடிகட்டியிலே பச்சைக்கெனச் சிறிய வாசலொன்று திறந்துவைக்கப்பட்டது. இவ்வாறு ஒவ்வொரு நன்மையும் மற்றொரு நன்மையை விற்றே வாங்கப்பட்டது.

அளவிகள் இருந்தபோதிலும் இறுதிச் சோதனை மனிதக் கண்ணாலேயே செய்யப்படுகின்றது. விமானத்தை முழு இருளில் நிறுத்தி, வெளியே கோடுகள் வரைந்த அட்டையொன்றை மங்கிய ஒளியில் வைப்பார்கள். அவ்வட்டையின் வடிவத்தை 1951 ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை வகுத்தது. உள்ளே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண்ணாடியூடே எந்தக் கோடுவரை பிரித்தறிய முடிகின்றது என்று விமானி பார்ப்பார். பின்னர் விளக்குகளை ஏற்றிவிட்டு மீண்டும் பார்ப்பார். ஒரு படி குறைந்தாலும் எங்கோ ஒளி கசிகின்றது என்பது பொருள். பழைய இழைக் குமிழ்களுக்குப் பதிலாக ஒளியிருவாயிகள் வந்தபின் இத்தொல்லை பெரிதுங் குறைந்தது. அவை குறுகிய அலைநீளப் பரப்பிலேயே ஒளி தருவன. ஆயினும், பின்னாற் பொருத்தப்பட்ட சிறு வானொலிப் பெட்டியின் ஒரேயொரு மஞ்சள் விளக்கு முழு ஏற்பாட்டையும் கெடுத்துவிட வல்லது.

யுத்தத்துக்காகப் பிறந்த இக்கலை உயிர் காப்பதற்கும் பயன்பட்டது. சுவிற்சர்லாந்தின் வான்வழி மீட்புச் சேவையான றேகா 1987 ஆம் ஆண்டிலேயே இரவுப் பார்வைக் கண்ணாடிகளைத் தன் ஹெலிகொப்டர்களிற் பயன்படுத்தத் தொடங்கிற்று. அல்ப்ஸ் மலைச் சரிவில் அடிபட்டுக் கிடப்பவரை விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடஞ் சேர்க்க முடிந்தது. அமெரிக்காவில் நோயாளரை ஏற்றும் ஹெலிகொப்டர்களுக்கு 1999 இல் முதலாவது அனுமதி கிடைத்தது. அத்தகைய ஒவ்வொரு விமானத்திலும் முதலிற் செய்யப்படும் வேலைகளில் ஒன்று விளக்குகளை மாற்றுவதே. மாற்றியபின்னும் எல்லைகள் உண்டு. கண்ணாடியின் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 40 பாகை; படம் ஒரே நிறமுடையது; தூரத்தை மதிப்பிடுவது கடினம்; தூசியிலும் அடர்ந்த முகிலிலும் அது உதவாது. விமானி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும், பார்த்ததை ஐயுறவும் கற்றல் வேண்டும்.

நூறாண்டு வரலாற்றைத் திரும்பி நோக்கினால் ஓருண்மை தெளிவாகும். இரேடியம் சிறந்தது என்று கூறியோர் விமானியின் கண்ணை மட்டும் பார்த்தார்கள். தூரிகை பிடித்த பெண்ணின் உதட்டைப் பார்க்கவில்லை. சிவப்பே சிறந்தது என்றோர் இளம் விமானியைப் பார்த்தார்கள். நாற்பது வயது விமானியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கொண்டுவந்தோர் வெளியிருளைப் பார்த்தார்கள். உள்ளே எரிந்த விளக்கைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிழையும் உயிர்களைக் கொண்டே திருத்தப்பட்டது. விளக்குக்குத் தனியே நன்மை தீமை இல்லை. அது எந்தக் கண்ணுக்காக எரிகின்றது, அதனால் எந்தக் கண் மறைகின்றது என்னும் இரு கேள்விகளுக்குங் கிடைக்கும் விடையே அதன் தகுதி. இன்று வானில் ஒலி மட்டும் கேட்க, இருளோடு இருளாக மலையைக் கடந்து நோயாளியைத் தேடிச் செல்லும் ஹெலிகொப்டரில், இலையற்ற மரத்தினும் மங்கலாக எரியும் பச்சை விளக்குகள் அவ்விரு கேள்விகளையும் மறவாதவர்களால் அமைக்கப்பட்டவை.